வெளிநாட்டுச் சம்பளம் வீடு வந்து சேருமா?

உடம்புக்கு யார் பொறுப்பு? பெட்டிக்கு யார் பொறுப்பு? இரண்டையும் கேட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள்!

"துபாயில் வேலை கிடைத்துவிட்டது!"

இந்த ஒரு வார்த்தை போதும். வீடு கல்யாண வீடாகிவிடும். உறவினர்கள் வருவார்கள். புதுப் பெட்டி வாங்குவார்கள். அம்மா ஊறுகாய் போடுவாள். அக்காள் பருப்புப் பொடி இடிப்பாள்.

சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். விசா வந்துவிட்டதா என்றும் கேட்பார்கள். ஆனால் இரண்டு கேள்விகளை மட்டும் யாரும் கேட்பதில்லை.

போன இடத்தில் நோய் வந்தால் யார் பணம் கொடுப்பது?

அனுப்பிய சாமான் கெட்டால், தொலைந்தால் யார் பொறுப்பு?

கடன் வாங்கித்தான் பலர் வெளிநாடு போகிறார்கள். மனைவியின் நகை அடகுக் கடையில் இருக்கும். அந்த நிலையில் ஒரே ஒரு அறுவைச் சிகிச்சை வந்தால் போதும்; இரண்டு வருடச் சம்பளம் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொள்வது, விசா வாங்குவதைப் போலவே முக்கியம்.

அரபு நாட்டில் என்ன சட்டம்?

வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இன்ஷூரன்ஸ் என்னும் காப்பீடுதான் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கும் சாவி. காப்பீட்டு அட்டை இருந்தால் வைத்தியம் சுலபம். இல்லையென்றால் கைப்பணம் கட்ட வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஏழு அமீரகங்கள் இருக்கின்றன. அபுதாபியில் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும், துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கின. மற்ற ஐந்து அமீரகங்களில் அப்படி இல்லை. ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா, புஜைரா, உம் அல் குவைன் ஆகிய அந்த ஐந்திலும் தனியார் கம்பெனித் தொழிலாளிகளுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல் காப்பீடு கட்டாயம் ஆயிற்று.

இது நல்ல செய்தி. இதற்கான அடிப்படைக் காப்பீட்டின் விலை வருடத்துக்கு 320 திர்ஹம் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தொழிலாளிக்கு வசிப்பு அனுமதி கிடைக்காது. பழைய அனுமதியும் புதுப்பிக்கப்படாது.

அட்டை இருந்தால் எல்லாம் இலவசமா? இல்லை! தொழிலாளியும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். இந்த 320 திர்ஹம் திட்டத்தின் கணக்கு இது:

ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவில் 100-க்கு 20 தொழிலாளியின் பங்கு. ஆனால் ஒரு தடவைக்கு 500 திர்ஹமுக்கு மேல் கேட்கக் கூடாது. வருடம் முழுவதும் சேர்த்து 1,000 திர்ஹமுக்கு மேல் கேட்கக் கூடாது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டால் 100-க்கு 25. அதிகபட்சம் 100 திர்ஹம். மருந்துக்கு 100-க்கு 30.

இந்தக் கணக்கு தெரியாதவர்கள் பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. நெஞ்சு வலியைக் கூட வாயு என்று சொல்லி அறையில் படுத்துவிடுகிறார்கள். உயிரைவிட 500 திர்ஹம் பெரிதா?

சிங்கப்பூரில்...

சிங்கப்பூரில் 'வொர்க் பெர்மிட்', 'எஸ் பாஸ்' ஆகிய அனுமதிகளில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். முன்பு வருடத்துக்கு 15,000 சிங்கப்பூர் வெள்ளி வரை காப்பீடு இருந்தால் போதும். 2023 ஜூலை 1 முதல் அது 60,000 வெள்ளி ஆயிற்று.

முதல் 15,000 வெள்ளியைக் காப்பீட்டுக் கம்பெனியே முழுவதும் கொடுக்கும். அதற்கு மேல் போனால் 100-க்கு 75 கம்பெனி கொடுக்கும். 25 முதலாளி கொடுக்க வேண்டும். காப்பீட்டுக்கான பணத்தைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதிகம் படித்து, அதிகச் சம்பளத்தில் 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்' பெற்றுப் போகிறவருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை! நல்ல கம்பெனிகள் தாமாகவே எடுக்கின்றன. எடுக்காத கம்பெனியும் இருக்கலாம். எனவே கொத்தனாரை விட என்ஜினீயர்தான் இந்தக் கேள்வியை அழுத்திக் கேட்க வேண்டும். சிங்கப்பூர் அரசு ஆஸ்பத்திரியிலும் வெளிநாட்டாருக்கு மானியம் கிடையாது, முழுக் கட்டணம்தான்.

லண்டன் போகிறவர்களுக்கு

பிரிட்டனில் முறையே வேறு. அங்கே அரசாங்கமே வைத்தியம் பார்க்கிறது. அதற்காக விசா கேட்கும்போதே 'சுகாதாரக் கட்டணம்' வாங்கிவிடுகிறார்கள். 2024 பிப்ரவரி 6 முதல் இது பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுன். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 776 பவுன். எத்தனை வருட விசாவோ அத்தனை வருடத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் மூன்று வருட விசாவில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருவருக்கும் 6,210 பவுன். குழந்தைகளுக்கு 4,656 பவுன். மொத்தம் 10,866 பவுன்! நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். முதல் மாதச் சம்பளம் கைக்கு வருமுன்பே இதை எண்ணி வைக்க வேண்டும்.

நர்ஸ், டாக்டர் முதலியோருக்கான 'ஹெல்த் அண்ட் கேர்' விசாவில் போகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. அவர்களிடம் யாராவது இந்தப் பெயரில் பணம் கேட்டால் ஏமாற்று என்று அறிக!

வெளியே நிற்பவர்கள் யார்?

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் தவிப்பு? காரணம் எளிது. இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் வேலை செய்கிறவனை மட்டும் பார்க்கின்றன. வேலை இருக்கும் வரைதான் பார்க்கின்றன. அவன் குடும்பத்தைப் பார்ப்பது அபூர்வம்.

முதலில், கூடப் போகும் மனைவி மக்கள். துபாயில் தொழிலாளிக்கு முதலாளி பொறுப்பு. குடும்பத்தை யார் அழைத்தாரோ அவரே குடும்பத்தின் காப்பீட்டுக்குப் பொறுப்பு. அதாவது கணவன் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். சவுதி அரேபியாவில் குடும்பத்தையும் சேர்த்துக் காப்பீடு செய்வது முதலாளியின் கடமை. நாட்டுக்கு நாடு முறை மாறுகிறது. விசாரிக்காமல் போகக் கூடாது.

இரண்டாவது, 'விசிட் விசா'வில் போகிறவர்கள். "முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே போனதும் வேலை விசா மாற்றித் தருகிறோம்" என்று ஏஜெண்டு சொல்வான். நம்பாதீர்கள்! சுற்றுலா விசாவில் வேலை செய்கிறவன் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே அல்ல. சாரத்திலிருந்து விழுந்தால் அவனுக்கு முதலாளியும் இல்லை. காப்பீட்டு அட்டையும் இல்லை.

மூன்றாவது, இறங்கிய புதிதில் இருப்பவர்கள். வசிப்பு அனுமதியும் காப்பீட்டு அட்டையும் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் காய்ச்சல் வராது என்று யார் சொல்ல முடியும்? இந்தியாவிலேயே சில வாரங்களுக்குப் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

நான்காவது, ஊரில் இருக்கும் தாய் தந்தையர். மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்ற பெருமை உண்டு. ஆனால் அவன் அட்டை இங்கே செல்லாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் அதற்கு வருமான வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் வராதவர்கள் பெற்றோர் பெயரில் தனியாகக் காப்பீடு எடுத்து வைக்க வேண்டும். முதல் சம்பளத்தில் நகை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

275 ரூபாய்க் காப்பீடு

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அப்போது 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடும் கட்டாயம்.

2017-இல் திருத்தப்பட்ட திட்டப்படி, வரி நீங்கலாக இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்; மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். வேலை செய்யும் நாட்டில் நோய்க்காக ஆஸ்பத்திரியில் இருந்தால் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் இதில் அடக்கம்.

இந்த விலைக்கு இது பெரிய உதவி. ஆனால் 1 லட்சம் ரூபாய் என்பது சுமார் நாலாயிரம் திர்ஹம்தான். பெரிய வைத்தியத்துக்கு அது காணாது. முதலாளியின் அட்டைக்கு இது துணை. அதற்குப் பதில் ஆகாது.

இன்னொரு விஷயம். பத்தாவது தேறியவருக்கு இந்தக் காப்பீடு கட்டாயம் இல்லை. பல பேர் அதனாலேயே எந்தக் காப்பீடும் எடுக்காமல் போய்விடுகிறார்கள். படிப்பு அனுமதிச் சீட்டைக் குறைக்கும்; ஆபத்தைக் குறைக்காது. இப்படிப்பட்டவர்கள் தாமாகவே ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதும் நல்லது.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் காப்பீட்டு விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. மறைத்து எடுத்த காப்பீடு, பணம் கேட்கும் நாளில் கைவிட்டுவிடும்.

பெட்டியில் கசகசா வேண்டாம்!

உடம்புக்கு அடுத்தது பெட்டி. விமானத்தில் கொண்டுபோகும் பெட்டியிலேயே ஆபத்து இருக்கிறது.

குருமாவுக்குப் போடும் கசகசாவை நாம் சாதாரண மளிகைச் சாமானாக நினைக்கிறோம். ஆனால் அது அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் அதைக் கொண்டுபோவதற்குத் தடை உண்டு. அம்மா பாசத்துடன் கட்டிக் கொடுத்த பொட்டலம் மகனைச் சிறையில் தள்ளிவிடலாம்! மசாலாப் பொடியில் கசகசா சேர்த்து அரைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

துபாய்க்கு வெற்றிலை பாக்கு கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூருக்குச் சூயிங்கம் கூடாது. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிப்பது. அதை விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வைக்கக் கூடாது. கைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்கைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்க வேண்டும்.

மாத்திரையிலும் ஜாக்கிரதை தேவை. வலிக்காகத் தரும் டிரமடால், இருமல் மருந்தில் சேரும் கோடீன் முதலியவற்றுக்கு அரபு நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. தூக்க மாத்திரை, மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் அந்த நாட்டு அரசின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். எந்த மருந்தானாலும் டாக்டர் சீட்டுடன், கடையில் வாங்கிய அட்டையுடன் கொண்டுபோங்கள். பிரித்துப் பொட்டலம் கட்டாதீர்கள்.

"என் மைத்துனனிடம் இதைக் கொடுத்துவிடுங்கள்" என்று தெரியாதவர் தரும் பார்சலைத் தொடவே தொடாதீர்கள்! யாருடைய பெட்டியில் இருக்கிறதோ அவரே குற்றவாளி.

சாமான் அனுப்பும் கணக்கு

தனியாகப் போகும் தொழிலாளிக்கு ஒரு பெட்டி போதும். குடும்பத்துடன் குடியேறுகிறவர்களுக்குத்தான் வீட்டுச் சாமான் தலைவலி.

சாமான் அனுப்ப இரண்டு வழி: விமானம், கப்பல். விமானம் சீக்கிரம்; செலவு அதிகம். கப்பல் தாமதம், செலவு குறைவு.

விமானத்தில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்க்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள பெட்டிக்குக் கணக்கு 20 கிலோவுக்கு மேல் வரும். அதற்குள் தலையணை வைத்து 8 கிலோதான் இருந்தாலும், 20 கிலோவுக்குப் பணம் கேட்பார்கள்! எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். எனவே தலையணையும் மெத்தையும் போன இடத்தில் வாங்குவதே லாபம்.

கப்பலில் கன மீட்டர்க் கணக்கு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் கொண்ட இடம் ஒரு கன மீட்டர். மேலே சொன்ன அளவில் எட்டுப் பெட்டிகள் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் ஆகும். ஒரு கன மீட்டருக்குக் குறைவாக அனுப்பினாலும் முழுக் கட்டணம் வாங்கும் கம்பெனிகள் உண்டு. நான்கு பெட்டியா, எட்டுப் பெட்டியா என்று முடிவு செய்யுமுன் இதைக் கேளுங்கள்.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. "கப்பல் கூலி மிகக் குறைவு" என்று சொல்வார்கள். அது சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்த நாட்டுத் துறைமுகம் வரை மட்டும் இருக்கலாம். அங்கே இறக்குகூலி, சுங்க வேலைக்கு ஆள் கூலி, லாரி வாடகை எல்லாம் தனி. பணம் கட்டும் வரை சாமான் வராது. நாள் ஏற ஏறக் கிடங்கு வாடகையும் ஏறும். "எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

எதைக் கொண்டுபோவது?

மிக்சியும் கிரைண்டரும் இல்லாமல் தமிழ்க் குடும்பம் நகராது. துபாயிலும் சிங்கப்பூரிலும் நம் ஊரைப் போலவே சுமார் 230 வோல்ட் மின்சாரம். பிளக் மட்டும் வேறு; மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். அங்கே நம் கிரைண்டர் சரியாகச் சுற்றாது. கப்பல் கூலியும் நஷ்டம், கிரைண்டரும் வீண்.

அவசரப்பட்டு முன்கூட்டியே சாமானை அனுப்பவும் கூடாது. குடியேற வருகிறவரின் பழைய வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகள் வரிச் சலுகை தருகின்றன. அதற்கு வசிப்பு அனுமதியைக் காட்ட வேண்டும். சிங்கப்பூரில், குறைந்தது மூன்று மாதம் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய சாமானாக இருக்க வேண்டும். முதலில் வந்து இறங்கிய ஆறு மாதத்துக்குள் சாமான் வர வேண்டும். ஆகவே, முதலில் ஆள் போக வேண்டும், பிறகு அனுமதி, அதற்குப் பிறகே சாமான். புதிதாக வாங்கிய டெலிவிஷனைப் 'பழைய சாமான்' என்று எழுதினால் மாட்டிக்கொள்ள நேரிடும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போடுங்கள். எந்தப் பெட்டியில் என்ன, எத்தனை, என்ன விலை என்று பட்டியல் எழுதுங்கள். கட்டுமுன் படம் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட், பள்ளிச் சான்று, நகை இவற்றை ஒருபோதும் கப்பல் பெட்டியில் வைக்காதீர்கள்.

சாமானுக்கும் காப்பீடு உண்டு. கப்பல் கம்பெனியின் பொறுப்பு மிகச் சிறிய தொகையோடு முடிந்துவிடும். தனியாகக் காப்பீடு எடுத்தால்தான் நஷ்டம் கிடைக்கும். ஆனால் வீட்டார் தாமே கட்டிய பெட்டிக்குள் பீங்கான் உடைந்தால் பல கம்பெனிகள் பணம் தருவதில்லை. உடையும் பொருளைக் கம்பெனி ஆட்களைக் கொண்டே கட்டச் சொல்வது நல்லது.

கையெழுத்துக்கு முன்...

முதலாளியிடமோ ஏஜெண்டிடமோ கேட்க வேண்டியவை இவை:

1. மருத்துவக் காப்பீடு உண்டா? எந்தத் தேதியிலிருந்து? அதற்குச் சம்பளத்தில் பிடிப்பு உண்டா?

2. மனைவி, குழந்தைகள் அதில் சேர்த்தியா? பிரசவச் செலவு சேர்த்தியா?

3. வேலை போனால் அட்டை எத்தனை நாள் செல்லும்?

4. வீட்டுச் சாமான் அனுப்பும் செலவைக் கம்பெனி தருமா? திரும்பி வரும்போதும் தருமா?

வாயால் சொல்வது காற்றோடு போகும். ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் படித்தவரிடம் காட்டுங்கள், வெட்கம் வேண்டாம். ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு சேவைக் கட்டணமாக வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. தமிழக அரசே 1978-இல் தொடங்கிய ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் மூலமாகவும் வெளிநாட்டு வேலைக்குப் போகலாம்.

போன இடத்தில் கஷ்டம் வந்தால் இந்தியத் தூதரகத்தை நாடுங்கள். 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, வழியற்றவர்களின் அவசர வைத்தியத்துக்கும், இறந்தவரின் உடலை அனுப்புவதற்கும் உதவி செய்கிறார்கள்.

ஒப்பந்தம், காப்பீட்டுச் சீட்டு, பாஸ்போர்ட், சாமான் பட்டியல் நான்கின் நகலும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: ஒன்று போகிறவர் கையில், மற்றொன்று வீட்டுப் பெண்களின் கையில். நள்ளிரவில் வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தால், "கம்பெனி பெயர் என்ன? காப்பீட்டு எண் என்ன?" என்று வீட்டார் திகைத்து நிற்கக் கூடாது. பெட்டி கட்டும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி அந்த நான்கு காகிதங்களையும் மனைவிக்கோ அம்மாவுக்கோ படித்துக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.